குற்றம் கூரையில் இல்லை

2025 ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு பிறப்பதற்குச் சற்று முன்னதாக இலங்கை மின்சார சபை ஒரு வேண்டுகோளை விடுத்தது. வீட்டுக் கூரைகளில் சூரியப் படலங்களைப் பொருத்தியிருப்போர் ஏப்ரல் 13 முதல் 21 வரை, நாள்தோறும் பிற்பகல் 3 மணிவரை, அவற்றை நிறுத்திவைத்து உதவவேண்டும் என்பதே அது. விடுமுறைக் காலம், தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் மூடிக்கிடக்கும், மின்சாரத் தேவை வீழ்ந்துவிடும், சித்திரை வெயிலோ உச்சந்தலையில் நிற்கும், வேண்டாத மின்சாரம் வந்து குவிந்தால் மின்கட்டமைப்பு நிலைகுலையும் என்று காரணம் கூறப்பட்டது.

காரணம் பொய்யன்று. ஆனால், அந்த நிறுத்தம் தொடங்குவதற்கு எட்டு நாள்களுக்கு முன்னர், ஏப்ரல் 5 ஆம் திகதி, கொழும்புக்கு வந்திருந்த இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியும் எமது ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவும் நாடெங்கிலும் 5,000 வழிபாட்டுத் தலங்களுக்கான கூரைச் சூரிய மின்தொகுதித் திட்டத்தை ஆரம்பித்து வைத்திருந்தார்கள். விகாரைக்கும் கோவிலுக்கும் பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் தலா 5 கிலோவாட். ஒரு கிழமையில் கூரைகளுக்கு மாலை போட்டு மரியாதை. மறுகிழமையில் அதே கூரைகளைப் பார்த்து "கொஞ்சம் அடங்கியிருங்கள்" என்று மன்றாட்டம். இந்த முரணைச் சுட்டிக்காட்டி எவரும் பெரிதாகக் குரலெழுப்பியதாக எனக்கு நினைவில்லை. மாறாக, அதற்குப் பின்னர் நான் செல்லுமிடமெல்லாம் கேட்ட பேச்சு வேறு. "இந்தச் சோலர்காரரால்தான் கரண்ட் நிற்கிறது" என்று தேநீர்க் கடையில் பேசினார்கள். "வசதியுள்ளவர்கள் காசு பார்க்கிறார்கள், நாங்கள் பட்டியல் கட்டுகிறோம்" என்று படித்தவர்களும் பேசினார்கள்.

இந்தப் பேச்சை நான் மறுக்கிறேன். கூரையில் படலம் வைத்த குடும்பம் அரசு கேட்டதைச் செய்தது. அரசு தான் செய்யவேண்டியதைச் செய்யவில்லை. இடையில் நின்ற வியாபாரி சொல்லவேண்டியதைச் சொல்லவில்லை. இந்த மூன்றில் முதலாவதை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எந்த நியாயத்தில் சேர்த்தி?

விடயத்தை விளங்கிக்கொள்ளாமல் வழக்குப் பேசுவது எமது பொது வாழ்வின் தீராத நோய் என்பதால், அந்தக் கூரையில் நடப்பது என்னவென்பதை முதலில் பார்த்துவிடலாம்.

சூரியப் படலம் என்பது சிலிக்கன் தகடுகளின் அடுக்கு. வெளிச்சம் பட்டால் அதில் நேரோட்ட மின்சாரம் பிறக்கிறது. வெளிச்சந்தான் வேண்டும், வெப்பமன்று. இதைப் பலர் மாற்றி விளங்கிக்கொண்டிருக்கிறார்கள். படலத்தின் வெப்பநிலை 25 பாகை செல்சியஸைக் கடந்து ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் அதன் வலு ஏறத்தாழ 0.3 முதல் 0.4 வீதம்வரை குறைகிறது. நண்பகலில் எமது கூரைகளில் படலம் 60 பாகையைத் தொடுவது சாதாரணம். அப்போது பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் வலுவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வெயிலிலேயே கரைந்துவிடும். கூரைக்கும் படலத்துக்கும் இடையில் காற்றோட்டத்துக்கு இடைவெளி விடுவது அதற்காகத்தான். பக்கத்து வளவுப் பனையின் நிழல் ஒரு படலத்தின் மூலையில் விழுந்தாலும், ஒரே தொடரில் இணைத்த மற்றப் படலங்களின் உற்பத்தியும் அதனால் பாதிக்கப்படக்கூடும். நிழலைப் பார்க்காமல், கூரையின் பரப்பளவை மாத்திரம் அளந்து கணக்குச் சொல்பவரை நம்பவேண்டாம்.

படலம் தரும் நேரோட்டத்தை வீட்டுக்கும் வீதிக்கும் உகந்த 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ் ஆடலோட்டமாக மாற்றுவது இன்வேட்டர் என்ற பெட்டி. வீட்டுக்குத் தேவையானதை வீடு எடுத்துக்கொள்ள, எஞ்சியது மீற்றர் வழியாக வீதிக் கம்பிக்குப் போகிறது. இலங்கை வெயிலில் ஒரு கிலோவாட் தொகுதி மாதமொன்றுக்குச் சராசரியாக 110 முதல் 120 அலகுவரை தரும். ஆகவே, 5 கிலோவாட் வைத்த வீட்டில் 550 முதல் 600 அலகு. தற்காலப் படலங்களென்றால் ஒன்பது போதும். ஏறத்தாழ 270 சதுர அடி கூரை. மாதம் 200 அலகு செலவழிக்கும் குடும்பத்துக்கு 350 அலகுக்குக் குறையாமல் மிஞ்சும். தொழில்நுட்பம் இவ்வளவுதான். இதில் மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை.

இனி அரசாங்கத்தின் பக்கம் வருவோம். 2016 செப்டெம்பரில் "சூரிய பல சங்கிராமய" என்ற பெயரில் ஒரு பெரும் இயக்கம் தொடக்கப்பட்டது. பத்து இலட்சம் வீட்டுக் கூரைகள். 2020 இல் 200 மெகாவாட். 2025 இல் 1,000 மெகாவாட் என்று இலக்குகள். மூன்று வழிகள் முன்வைக்கப்பட்டன. மிஞ்சும் அலகைக் காசாக்காமல் பிந்திய மாதங்களுக்குச் சேமித்து வைப்பது ஒன்று. மிஞ்சும் அலகுக்குப் பணம் பெறுவது இரண்டாவது. உற்பத்தி முழுவதையும் விற்றுவிட்டு, வீட்டுப் பாவனைக்கு வழமைபோலப் பட்டியல் கட்டுவது மூன்றாவது. பணம் பெறுவோருக்கு முதல் ஏழு ஆண்டுகள் அலகுக்கு 22 ரூபா, எட்டாம் ஆண்டு முதல் இருபதாம் ஆண்டுவரை 15 ரூபா 50 சதம். இருபதாண்டு ஒப்பந்தம்.

சனங்கள் நம்பினார்கள். ஏன் நம்பமாட்டார்கள்? ஓய்வூதியப் பணத்தை எடுத்தவர்கள் உண்டு, நகை அடகு வைத்தவர்கள் உண்டு, வங்கிக் கடனெடுத்தவர்கள் உண்டு. அரசு ஒரு சதமும் மூலதனம் போடாமல், ஒரு பரப்புக் காணியும் சுவீகரிக்காமல், குடிமக்கள் தம் சொந்தச் செலவில் ஒரு மின்னிலையத்தைக் கட்டிக்கொடுத்தார்கள். 2025 க்கு என்று குறித்த 1,000 மெகாவாட் அந்த ஆண்டு பிறப்பதற்கு முன்னரே கடந்துவிட்டது. நுரைச்சோலை அனல் மின்னிலையத்தின் மூன்று இயந்திரங்களும் சேர்ந்து 900 மெகாவாட். அதனைச் சீனக் கடனில் கட்டினோம். கூரைகளில் நிற்கும் இந்த மின்னிலையத்துக்கு வெளிநாட்டுக் கடன் எவ்வளவு பட்டோம் என்று அரசாங்கப் பேச்சாளர்கள் எவரும் ஒப்பிட்டுச் சொல்லக் கேட்டதில்லை.

விலைக்கு வருவோம். இங்குதான் கூத்து. 2022 இல் ரூபா சரிந்து எல்லாம் தலைகீழானபோது, புதிதாக இணைவோருக்கு அலகுக்கு 37 ரூபா என்று உயர்த்தினார்கள். 2024 இல் அது 27 ரூபா 6 சதமாகக் குறைந்தது. 2025 இல் 5 கிலோவாட்வரையான வீட்டுத் தொகுதிகளுக்கு 20 ரூபா 90 சதம் என்றானது. ஒரே ஒழுங்கையில் மூன்று வீடுகள் என்று வையுங்கள். மூன்றிலும் ஒரே அளவு படலம். மூன்றிலும் மாதம் 350 அலகு மிச்சம். 2017 இல் வைத்தவர் ஏழாண்டுகள் முடிந்ததும் 5,425 ரூபாவுக்கு இறங்கிவிட்டார். 2023 இன் தொடக்கத்தில் வைத்தவர் 12,950 ரூபா பெறுகிறார். 2025 இன் விலையில் இணைந்தவருக்கு 7,315 ரூபா. மூவரின் கூரையிலும் விழுவது ஒரே வெயில். மின்சாரத்திலும் வேறுபாடில்லை. வேறுபாடு, அவர்கள் எந்த அமைச்சரவைத் தீர்மானத்துக்கு முன்னர் கையெழுத்திட்டார்கள், எதற்குப் பின்னர் இட்டார்கள் என்பதில்தான் இருக்கிறது!

படலங்களின் சந்தை விலை இறங்கியிருப்பதால் கொள்விலையும் இறங்கவேண்டும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. 37 ரூபா என்பது பதற்றத்தில் எடுத்த முடிவு. இருபதாண்டுக்கு அதைக் கட்டிக்கொடுத்ததும் அதே பதற்றந்தான். ஆனால், அந்த முடிவை எடுத்தது கூரைக்காரரா?

அடுத்து, எல்லோருடைய வாயிலும் புகுந்து புறப்படும் அந்த ஞாயிற்றுக்கிழமை. 2025 பெப்ரவரி 9, முற்பகல் 11 மணி கழிந்த சற்று நேரத்தில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின்னிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததே காரணம் என்று வலுசக்தி அமைச்சர் சொன்னார். உலகப் பத்திரிகைகளெல்லாம் சிரித்தன. குரங்கின் மீது பழி நிலைக்காது என்று கண்டதும், கூரைகளில் உற்பத்தி மிகுந்திருந்ததனால் கட்டமைப்பு பலமிழந்திருந்தது என்ற விளக்கம் மின்சார சபையிடமிருந்து வந்தது. குரங்கிடமிருந்து பழி கூரைக்குத் தாவியது.

அந்த விளக்கத்தில் விஞ்ஞானம் உண்டு. குயவனின் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பாரமான சக்கரம் ஒருமுறை வேகமெடுத்துவிட்டால், களிமண்ணை அழுத்தினாலும் உடனே நின்றுவிடாது. நுரைச்சோலை போன்ற நிலையங்களின் சுழலிகள் நிமிடத்துக்கு 3,000 தடவை சுற்றுகின்ற, பெரும் பாரமான சக்கரங்கள். எங்கேனும் ஒரு பழுது ஏற்பட்டு மின்சாரம் திடீரென்று குறைந்தால், அந்தச் சுழற்சியின் சடத்துவம் சில விநாடிகளுக்குக் கட்டமைப்பைத் தாங்கிப் பிடிக்கும். அந்தச் சில விநாடிகளில் மற்ற நிலையங்கள் ஈடுசெய்துவிடும். கூரைப் படலத்தில் சுழல்வது எதுவுமில்லை. விடுமுறை நாளில், நண்பகலில், சுழலும் இயந்திரங்கள் சிலவற்றை மாத்திரம் வைத்துக்கொண்டு நாட்டை ஓட்டும்போது, மீடிறன் 50 ஹேர்ட்ஸிலிருந்து விரைவாகச் சரிகிறது. சரிந்ததும் இன்வேட்டர்கள் தம் பாதுகாப்பு விதிப்படி தாமாகவே நின்றுவிடுகின்றன. சரிவு இன்னும் கூடுகிறது. அன்று நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்றன. அவற்றை மீண்டும் கிளப்ப நாள்கள் எடுத்தன. அடுத்துவந்த நாள்களில் ஒன்றரை மணித்தியால மின்வெட்டு.

சரி. அப்படியானால் இதற்கு முன்னர் நாடு இருண்ட நாள்களுக்கு யார் பொறுப்பு? 2016 மார்ச் 13 இல் நாடு முழுவதும் இருளில் மூழ்கியது. அப்போது சூரிய பல சங்கிராமய பிறக்கவேயில்லை. அதற்கு இன்னும் ஆறு மாதங்கள் இருந்தன. 2020 ஆகஸ்ட் 17 இல் கெரவலப்பிட்டி உபமின்னிலையத்தில் நேர்ந்த பழுதினால் மீண்டும் இருண்டது. 2021 டிசெம்பர் 3 இல் கொத்மலை – பியகம மின்மார்க்கம் பழுதாகி இருண்டது. 2023 டிசெம்பர் 9 இல் அதே கொத்மலை – பியகம மார்க்கம்; பொழுது சாயும் மாலை வேளை, படலங்கள் ஓய்வுக்குப் போகும் நேரம். இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒருவர் "கூரையே காரணம்" என்று சொல்வாரானால், அவர் நாட்காட்டியைப் பார்க்காதவர் என்றுதான் கொள்ளவேண்டும். ஓரிடத்தில் விழும் அடி முழு நாட்டையும் வீழ்த்துகின்ற ஒரு கட்டமைப்பு எம்மிடம் பல்லாண்டுகளாக இருந்து வருகிறது. கூரைகள் அந்த நோயை வெளிக்காட்டின. நோயைத் தந்தவை அவையல்ல.

நாம் முதலில் கண்ட பிரச்சினையும் அல்ல இது. 2016 செப்டெம்பர் 28 இல் அவுஸ்திரேலியாவின் தென் அவுஸ்திரேலிய மாநிலம் முழுவதும் புயலில் இருண்டது. அங்கும் அரசியல்வாதிகள் சிலர் காற்றாலைகளையே குற்றஞ்சாட்டினார்கள். ஆனால், பழிபோட்டதோடு அந்த மாநிலம் நின்றுவிடவில்லை. 2017 டிசெம்பர் 1 இல், ஏறத்தாழப் பதினான்கு மாதங்களில், ஹோர்ன்ஸ்டேல் என்ற இடத்தில் 100 மெகாவாட் பற்றரி நிலையமொன்று இயங்கத் தொடங்கியது. மீடிறன் சரிந்தால் விநாடிக்கும் குறைந்த நேரத்தில் கைகொடுக்கும் நிலையம் அது. பின்னர், சுழலும் சடத்துவத்துக்கென்றே எரிபொருளில்லாமல் சுற்றுகின்ற இயந்திரங்களை அங்கு நிறுவினார்கள். நெருக்கடி வேளையில் கூரைத் தொகுதிகளைத் தொலைவிலிருந்து நிறுத்தும் ஏற்பாட்டையும் 2020 இல் புதிய இணைப்புகளுக்கு விதித்தார்கள். அதாவது வீட்டுக்காரர் ஏணி வைத்து ஏறவும் வேண்டாம், வானொலி அறிவித்தலைக் கேட்டுக்கொண்டிருக்கவும் வேண்டாம். அடிலெய்டிலும் மெல்பேர்ணிலும் வாழும் எம்மவர்களுக்கு இவையெல்லாம் தெரிந்த சங்கதிகள்.

எமக்கு 2016 முதல் 2025 வரை ஒன்பதாண்டுகள் இருந்தன. கூரைகள் ஆயிரம் மெகாவாட்டை நோக்கி ஏறுகின்றன என்பது மின்சார சபைக்குத் தெரியாத இரகசியமா? ஒவ்வொரு மீற்றரையும் பொருத்தியது அவர்களே. ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டவர்களும் அவர்களே. எத்தனை கூரைகள் வருகின்றன என்று எண்ணத் தெரிந்தவர்களுக்கு, எத்தனை பற்றரி வேண்டும் என்று எண்ணத் தெரியாமற்போனது எப்படி?

அரசைச் சாடியதோடு வியாபாரிகளை விட்டுவிட எனக்கு மனமில்லை. கூரைச் சூரிய மின்சாரம் பற்றி இந்த நாட்டில் சொல்லப்படாத பெரிய உண்மை ஒன்று உண்டு. மின்கட்டமைப்பில் மின்சாரம் நின்றால் உங்கள் கூரையும் நின்றுவிடும்.

பெப்ரவரி 9 ஆம் திகதிக்குச் சில நாள்களின் பின்னர் வலிகாமத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். மகன் ரொறன்ரோவிலிருந்து பணம் அனுப்பி 5 கிலோவாட் தொகுதி வைத்துக்கொடுத்திருக்கிறார். அன்று நண்பகலில் விசிறியும் இல்லை, கிணற்று மோட்டரும் இல்லை. "மேலை வெயில் கொளுத்துது, கீழை ஒரு விசிறி சுத்தேல்லை. இதென்ன தம்பி கூத்து?" என்று அவர் கேட்டார். விற்க வந்தவர் இதைச் சொல்லவில்லையா என்று கேட்டேன். பட்டியல் வராது என்றும், மாதம் காசு வரும் என்றும் சொன்னாராம். இதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அது பழுதன்று, பாதுகாப்பு விதி. மின்கம்பத்தில் ஏறித் திருத்தவேலை செய்யும் தொழிலாளி, கம்பியில் மின்சாரம் இல்லை என்று நம்பித்தான் கைவைக்கிறார். அந்நேரம் உங்கள் கூரையிலிருந்து மின்சாரம் வீதிக்குப் பாய்ந்தால், வீதி மின்மாற்றி அதனைத் தலைகீழாக உயர்த்தி 11,000 வோல்ற்றாகவோ 33,000 வோல்ற்றாகவோ மேற்கம்பிக்கு அனுப்பிவிடும். ஓர் உயிர் போவதற்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? ஆகவேதான், வெளியில் மின்சாரம் இல்லையென்று கண்டதும் இன்வேட்டர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது, பங்குனி வெயிலின் கீழ் படலங்களை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான வீடுகள் வியர்த்துக்கிடந்தது இதனால்தான். அந்த மணித்தியாலங்களில் உற்பத்தியும் இல்லை. உற்பத்தியில்லையென்றால் பணமும் இல்லை. கடன் தவணை மட்டும் தவறாமல் வரும்.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது இன்னும் விசித்திரமாகத் தோன்றும். 1990 இல் தெற்கிலிருந்து வரும் மின்சாரம் அறுந்த பின்னர், பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்த காலத்தில், துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட சனங்கள் நாங்கள். கையால் சுற்றினால் வெளிச்சம் வரும் என்று பழகியவர்களுக்கு, கூரை நிறைய மின்சாரம் பிறந்தும் வீட்டில் ஒரு குமிழ் எரியாது என்பதை எப்படி விளங்கவைப்பது!

இதற்கு மாற்று உண்டு. பற்றரியோடு இணையும் வகை இன்வேட்டர். அது வெளிக்கம்பியிலிருந்து வீட்டைத் துண்டித்துவிட்டு, வீட்டுக்குள் சில சுற்றுகளுக்கு மட்டும் மின்சாரம் கொடுக்கும். விளக்கு, விசிறி, குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றுக்கு 5 அலகு கொள்ளும் லித்தியம் பற்றரி ஓர் இரவைத் தாண்டும். குளிரூட்டியையும் கிணற்று மோட்டரையும் அதில் தொங்கவிட்டால் தாண்டாது. விலை கூடத்தான். ஆனால், இந்தத் தெரிவு இருக்கிறதென்று வாங்குபவருக்குச் சொல்லவேண்டும் அல்லவா? பின்னாளில் பற்றரி சேர்ப்பதற்கு இடமளிக்கும் இன்வேட்டரா இது, இல்லை முழுவதையும் கழற்றி எறியவேண்டுமா என்ற ஒரு கேள்வியைக் கேட்டாலே விற்பவரின் தரம் தெரிந்துவிடும்.

கனடாவிலும் இலண்டனிலும் சுவிற்சர்லாந்திலும் இருந்துகொண்டு ஊரிலுள்ள தாய் தந்தையருக்குப் படலம் வாங்கிக்கொடுக்க எண்ணும் பிள்ளைகள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். வைபரில் விலைப்பட்டியலைப் பார்த்து, கிலோவாட் கணக்கை மட்டும் ஒப்பிட்டு, காசை அனுப்பிவிடுகிறார்கள். முதியவர்கள் இருவர் வாழும் வீட்டில் மாதப் பாவனை 90 அலகு. அவர்களுக்கு 10 கிலோவாட் எதற்கு? அது வீட்டுக்கு மின்சாரமா, பிள்ளையின் முதலீடா? முதலீடென்றால் அதைக் கணக்காகப் பார்க்கட்டும். இன்வேட்டர் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் மாற்றவேண்டி வரும், படலத்தின் உற்பத்தி ஆண்டுக்கு அரை வீதமளவில் தேயும், காகத்தின் எச்சத்தைக் கழுவ எழுபது வயதில் அப்பா ஓட்டுக் கூரையில் ஏறமுடியாது என்பவற்றையும் அந்தக் கணக்கில் சேர்க்கட்டும். பெற்றோரின் இரவுக்கு வெளிச்சம் வேண்டுமென்பது நோக்கமானால், 10 கிலோவாட் படலத்தைவிட 3 கிலோவாட்டும் ஒரு பற்றரியும் அவர்களுக்குப் பயன்படும்.

கிராமங்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. அதைப்பற்றி எவரும் எழுதுவதில்லை. மின்மாற்றியிலிருந்து தொலைவில், மெல்லிய நீண்ட கம்பியின் கடைசியில் இருக்கும் வீடு. நண்பகலில் அந்த ஒழுங்கையிலுள்ள நாலைந்து கூரைகளும் ஒன்றாக மின்சாரத்தைத் தள்ள, கம்பியில் மின்னழுத்தம் உயர்கிறது. 230 வோல்ற்றிலிருந்து 6 வீதத்துக்கு மேல் விலகலாகாது என்பது எமது நாட்டு விதி. எல்லை கடந்ததும் இன்வேட்டர் நின்றுவிடும், சற்றுப்பொறுத்துத் தொடங்கும், மறுபடி நிற்கும். நல்ல வெயிலுள்ள மணித்தியாலமே உற்பத்தியற்ற மணித்தியாலமாகிறது. வீட்டுக்காரர் நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தால் "கம்பி பிரச்சினை" என்பார்கள். மின்சாரப் பணிமனைக்குப் போனால் "இன்வேட்டர் பிரச்சினை" என்பார்கள். கம்பியின் தடிப்பும் மின்மாற்றியின் கொள்ளளவும் வழங்குநரின் பொறுப்பு. இணைப்புக்கு அனுமதி கொடுத்தவரும் அவரே.

எதிர்த்தரப்பின் வாதங்களில் எனக்கு உறைப்பது ஒன்றுதான். சொந்தக் கூரையும் கையில் முதலும் உள்ளவருக்கே இந்த நன்மை கிட்டுகிறது. அவருக்குக் கொடுக்கும் விலை எல்லோருடைய பட்டியலிலும் ஏறுகிறது என்ற வாதம். உண்மை. வாடகை வீட்டிலிருப்பவருக்கு இது இல்லை. மலையகத்தில் லயன் அறைகளில் வாழும் குடும்பங்களுக்குத் தலைக்கு மேல் தகரம் உண்டு. அந்தத் தகரத்தின் மீது உரிமையில்லை. அவர்கள் 2022 ஆகஸ்ட்டில் சராசரி 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமுமாக உயர்ந்த கட்டணத்தை மூச்சுவிடாமல் சுமந்தவர்கள். ஆனால், இந்த வாதத்தை முன்வைப்பவர்கள் அதன் முடிவுவரை நடக்கமாட்டார்கள். ஏழைக்கு நியாயம் வேண்டுமானால், பாடசாலைக் கூரையிலும் கூட்டுறவுச் சங்கக் கூரையிலும் தோட்ட வைத்தியசாலைக் கூரையிலும் படலம் வைத்து, அதன் அலகுகளை அந்த லயன்களின் மீற்றர்களில் வரவு வையுங்கள். அதைச் செய்யாமல், இருக்கிற கூரைக்காரரைத் திருடராக்குவதால் லயன் அறையில் ஒரு குமிழும் கூடுதலாக எரியப்போவதில்லை. மேலும், எரிபொருள் மின்சாரம் ஏழைக்கு மலிவு என்பவர்கள் சுன்னாகத்துக்கு வந்து பார்க்கட்டும். அங்கே அனல் மின்னிலையத்தின் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்தது பற்றிய வழக்கில், 2019 இல் உயர் நீதிமன்றம் அந்த நிறுவனத்தை இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்தப் பணித்தது. அந்தக் கிணறுகளில் தண்ணீர் அள்ளியவர்களில் எத்தனை பேர் பணக்காரர்?

2025 இல் ஒரு நல்ல மாற்றம் தென்பட்டது. பகலில் பற்றரியில் சேமித்து, மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான உச்சவேளையில் கட்டமைப்புக்குக் கொடுப்போருக்கு அலகுக்கு 45 ரூபாவுக்கு மேல் தரும் திட்டத்தை அறிவித்தார்கள். திசை சரியானது. எமது நாட்டில் மின்தேவை உச்சமடைவது இரவில். படலம் உறங்குவதும் இரவில். அந்த இடைவெளியை டீசலால் நிரப்புவதைவிடப் பற்றரியால் நிரப்புவது எவ்வளவோ மேல். என் ஐயம் வேறு. மறுபடியும் முதல் போடச் சொல்வது வீட்டுக்காரரைத்தான். பகல் மின்சாரத்துக்கு அவர் கடன்பட்டார். இனி இரவு மின்சாரத்துக்கும் கடன்பட வேண்டும். உபமின்னிலையங்களில் அரசு வைக்கவேண்டிய பற்றரியின் அளவை, வீட்டுப் பற்றரிகளைக் காட்டி மெல்லக் குறைத்துவிடுவார்களோ என்று நான் அஞ்சுகிறேன்.

மின்சார சபையைப் பல நிறுவனங்களாகப் பிரிப்பதற்கான சட்டம் 2024 இல் நிறைவேறி, 2025 இல் திருத்தப்பட்டது. வாசலில் பெயர்ப்பலகை மாறும்போது பழைய கடதாசிகள் தொலைந்துபோவது எமது நாட்டு வழக்கம். ஆகவே, கூரையில் படலம் வைத்திருப்போர் தங்கள் இருபதாண்டு ஒப்பந்தத்தின் பிரதியைத் தேடி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். எந்த ஆண்டில் எந்த விலை என்பதையும், இணைப்பு வழங்கிய திகதியையும் பாருங்கள். "கட்டமைப்பின் பாதுகாப்புக்காக" உங்கள் தொகுதியை நிறுத்தும் உரிமை வழங்குநருக்கு உண்டா, உண்டென்றால் ஆண்டுக்கு எத்தனை மணித்தியாலம், அந்த மணித்தியாலங்களுக்கு ஏதேனும் ஈடு உண்டா என்பதை எழுத்தில் கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். வேண்டுகோள் என்ற பெயரில் வானொலியில் வருவதை மீற்றர் ஏற்காது. மீற்றரில் ஏறாத அலகுக்கு ஒப்பந்தப்படி பணமும் கிடையாது.

புதிதாக வைக்க நினைப்பவர்கள், முற்பணம் கொடுப்பதற்கு முன்னர் உங்கள் ஒழுங்கை மின்மாற்றியில் இடமிருக்கிறதா என்பதை மின்சாரப் பணிமனையில் விசாரியுங்கள். விற்பவர் சொல்வதைக் கொண்டு திருப்திப்பட வேண்டாம். பணிமனையின் முத்திரையோடு ஒரு கடிதம் வாங்குங்கள்.